‘பற்றி’யை அறியாத கருவிகள்

‘பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் மாணவர் ‘டிஸ்கஸ்டு அபவுட் த பிராப்ளம்’ என்று எழுதுவார். அந்த வினைக்குப் பின் அபவுட் வேண்டியதில்லை. நல்ல அகராதி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்க வந்தால் ‘சஜஸ்ட் மீ எ குட் டிக்‌ஷனரி’ என்பார். அங்கே மீ நிற்க இடமில்லை. முதல் பிழைக்குப் பின்னால் ‘பற்றி’ இருக்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை. இவற்றைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்தான் இந்தப் பிழைகளைச் செய்வார்.

மூன்றாவது சிக்கல் ஒலியில். ‘பேக்’ என்று தமிழில் எழுதிக் காட்டிவிட்டு அது மூட்டை கட்டுவதா, பின்புறமா, கைப்பையா, அடுப்பில் ரொட்டி சுடுவதா என்று கேட்டால் எழுத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான்கு ஆங்கிலச் சொற்கள் நம் வரிவடிவத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘தமிழ் வழியே ஆங்கிலம்’ என்று உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கொடுக்கும் தளங்கள் அனைத்தும் இந்த ஒரே இடத்தில் தோற்றுப்போகின்றன. அவற்றைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

ஆங்கிலம் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் இணையத்தில் கிடைக்கும் கருவிகளை எடைபோட இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துக்கொண்டேன். ‘பயனுள்ள ஐம்பது தளங்கள்’ என்ற வகைப் பட்டியல்களுக்குக் குறைவில்லை. அவற்றில் எல்லாத் தளங்களும் ஒரே உயரத்தில் நிற்கும், எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு. எனக்கு வேண்டியிருந்தது வேறு. கருவி பிழையைக் காண்கிறதா? காரணத்தைக் காட்டுகிறதா? அடுத்த முறை கற்பவரே முடிவெடுக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுபோகிறதா?

இத்துறையில் முதிர்ந்த கலை அகராதிக் கலை. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் ஆகிய நான்கின் கற்போர் அகராதிகளும் இன்று இணையத்தில் கட்டணமின்றித் திறக்கின்றன. ஒரு காலத்தில் ஆசிரியர் ஒருவர் இவற்றில் ஒன்றை வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. ‘சஜஸ்ட்’ சோதனையில் ஆக்ஸ்ஃபோர்டு தெளிவாகத் தேறுகிறது. வினையை அடுத்து ஆளையும் அதன்பின் பொருளையும் வைக்கும் அமைப்பில் இந்த வினையை ஆளக் கூடாது என்று தனிக் குறிப்பே கொடுத்திருக்கிறார்கள். ‘டிஸ்கஸ்’ சோதனையில் லாங்மன் தேறுகிறது. அபவுட் சேர்க்காதே என்ற எச்சரிக்கை அங்கே உண்டு. ஒலிக்கு வந்தால் பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்புகளை இரண்டுமே தருகின்றன. லாங்மன் இன்னொரு படி மேலே போய் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் ஒலிக்கவிடுகிறது. தனிச் சொல்லைவிட வாக்கியத்துக்குள் சொல் எப்படி ஒலிக்கிறது என்பதே நம் மாணவருக்குப் பெருந்தேவை என்பதால் இந்த ஒரு வசதிக்காகவே லாங்மனை முதலில் வைப்பேன்.

ஆனால் அகராதி தன் விதியாலேயே தடுக்கி விழும் இடமும் உண்டு. எளிய சொற்களால் மட்டும் விளக்க வேண்டும் என்பது கற்போர் அகராதிகளின் பழைய நெறி. லாங்மன் 1978இல் வந்தபோது ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் அடக்கியது. நெறி உயர்ந்ததுதான். ஆனால் டிஸ்கஸ் என்பதை எளிய சொற்களில் விளக்கப் போனால் ‘டாக் அபவுட்’ என்றுதான் விளக்க வேண்டியிருக்கிறது. மாணவர் விளக்கத்தைப் படித்து முடிக்கையில் எந்தச் சொல்லை விலக்க வேண்டுமோ அதுவே மனத்தில் பதிந்துவிடுகிறது. எச்சரிக்கை சற்றுக் கீழே, கைபேசித் திரையில் அவர் விரல் நகர்த்திப் பார்க்காத இடத்தில் இருக்கிறது. அச்சுப் பக்கத்தில் இரண்டும் ஒரே பார்வையில் படும். திரையில் படாது. அகராதியைத் திரைக்கு மாற்றியவர்கள் இதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

காலின்ஸ் தளத்தில் கிடைக்கும் கோபில்ட் விளக்கமுறை இந்தச் சிக்கலுக்குப் பாதி மருந்து. ஜான் சிங்க்ளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவாகி 1987இல் வெளியான அந்த அகராதி, சொல்லை முழு வாக்கியத்துக்குள் நிறுத்தி விளக்கும். வினையும் அதன் செயப்படுபொருளும் விளக்கத்திலேயே இணைந்து நிற்பதால் பொருளுக்கு முன்னால் அமைப்பு கண்ணில் படுகிறது. முறை சிறந்தது, பக்கம் மோசம். கோபில்ட் விளக்கத்துக்குக் கீழே தாய்மொழியாளருக்கான பிரித்தானிய அகராதி, அதன் கீழே அமெரிக்க அகராதி, நடுநடுவே விளம்பரங்கள் என்று அடுக்கிவைத்திருப்பதில் எது தனக்குரியது என்று தொடக்கநிலை மாணவருக்குத் தெரியாது.

கற்போர் அகராதிகளின் வரலாற்றில் ஒரு செய்தியை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், தம் கண்ணெதிரே தடுமாறிய வங்க மாணவர்களைப் பார்த்துத்தான் எளிய சொல்வரம்பு என்ற எண்ணத்துக்கு வந்தார். 1935இல் அவர் வெளியிட்ட அகராதி 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் விளக்கியது. ஹார்ன்பியும் தோழர்களும் ஜப்பானிய மாணவர்களுக்குப் பாடம் நடத்தியபடி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சேறியது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல் எடுத்து வெளியிட்டது. கற்போர் அகராதி என்ற வகையே ஆசியாவில், குறிப்பிட்ட தாய்மொழிகள் பேசிய மாணவர்களை அருகிலிருந்து கவனித்தவர்களால் பிறந்தது. பிறகு சந்தை உலகளாவியதாயிற்று. கற்பவருக்கு ஊரும் மொழியும் இல்லாமற்போயின. துல்லியம் கூடியது, அண்மை குறைந்தது. இன்றைய இணையக் கருவிகள் அனைத்தின் நிறைகுறைகளும் இந்த ஒரு பரிமாற்றத்திலிருந்து வருகின்றன என்பது என் கருத்து.

மொழி உண்மையில் வழங்கும் வாக்கியங்களைத் திரட்டித் தேடத் தரும் தரவகங்களுக்கு வருவோம். ஆசிரியர்களிடையே இவற்றுக்குக் கிடைத்திருக்கும் கவனம் தகுதிக்கு மிகக் குறைவு. மாணவருக்கென எளிமைப்படுத்தியது ஸ்கெல். ஸ்கெட்ச் எஞ்சின் என்னும் தரவகத் தேடுகருவியை உருவாக்கிய ஆடம் கில்கேரிஃபின் குழு 2014இல் வெளியிட்டது. ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் வாக்கியங்கள் நாற்பது வரை வரும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் சொற்சேர்க்கைகள் வரும். எதையெல்லாம் டிஸ்கஸ் செய்வார்கள்? இஷ்யூ, டாபிக், மேட்டர். வினையை அடுத்து நேரடியாகப் பெயர்ச்சொல் நிற்பதைப் பத்து வரி படித்த மாணவர் தாமே காண்பார். விதி சொல்லாமலே விதி தெரியும். பர்மிங்காமில் டிம் ஜான்ஸ் தரவுவழிக் கற்றல் என்று பேசியதன் சாரமும் இதுதான்: மாணவரே ஆய்வாளராவது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, கட்டணமில்லை, பக்கத்தில் இரைச்சலில்லை. குறை என்றால், வாக்கியங்களைக் கணினியே தேர்ந்தெடுப்பதால் அவை சூழலற்று மிதக்கின்றன. யார், எங்கே, எதற்குச் சொன்னது என்று தெரியாது. தவிர, தரவகம் இருப்பதைக் காட்டும், இல்லாததைச் சுட்டாது. அபவுட் வரவில்லையே என்று கவனிக்க அபவுட் மீது முன்பே ஐயம் இருக்க வேண்டும். அந்த ஐயத்தை எழுப்புவது ஆசிரியர் வேலை.

கோக்கா அடுத்த படி. மார்க் டேவீஸ் 2008இல் திறந்துவைத்த அமெரிக்க ஆங்கிலத் தரவகம். 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிக்கு மேற்பட்ட சொற்கள், பேச்சு, புனைவு, இதழ், நாளேடு, ஆய்வெழுத்து எனத் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு தொடர் பேச்சில் மிகுதியா ஆய்வுக்கட்டுரையில் மிகுதியா என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இலவசக் கருவி வேறு நான் அறிந்ததில்லை. ஆனால் இது ஆய்வாளர் தமக்காகக் கட்டிய வீடு. விருந்தினருக்கு வாசல் எங்கே என்று தெரியாது. பதிவு செய்ய வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை தேடல் என்ற வரம்பு உண்டு, தேடற்குறிகளைப் பழக ஒரு வாரம் ஆகும். பழகிய பிறகும் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று தேடினால் ‘ஏறக்குறைய’ என்ற பொருளில் வரும் அபவுட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். வரிகளைப் படித்துத்தான் எண்ண வேண்டும்.

டேவீஸின் இன்னொரு தரவகமான குளோப், 2013இல் வந்தது. 20 நாடுகளின் இணைய ஆங்கிலம், 190 கோடிச் சொற்கள். இந்தியாவும் இலங்கையும் அதில் தனித்தனிப் பகுதிகள். நம் உரைகல்லையே கேள்விக்குள்ளாக்கும் தரவகம் இது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பது ஆசிய, ஆப்பிரிக்க ஆங்கிலங்களில் பரவலாக வழங்கும் வடிவம் என்பதை மொழியியலாளர்கள் நெடுநாளாகவே குறித்துவந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அது பிழையா, வழக்கா? தேர்வுத்தாளில் பிழை, வழக்கில் வழக்கு என்றே நான் விடை சொல்வேன். இந்த இரட்டை நிலையை மாணவரிடம் மறைக்காமல் சொல்ல ஒரு ஆசிரியருக்கு ஆதாரம் வேண்டுமானால் அது இங்கே கிடைக்கிறது. எந்த இலக்கணத் தளமும் இதைத் தருவதில்லை.

ஒலிக்கு யூகிளிஷ் என்று ஒரு தளம். சொல்லைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் அந்தச் சொல் பேசப்படும் நொடிக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போகலாம். எண்ணம் அழகு, நிறைவேற்றமும் செம்மை. ஆனால் ‘பேக்’ சோதனையில் பாதிதான் தேறுகிறது. கேட்க வைக்கிறதே தவிர எதைக் கேட்பது என்று சொல்வதில்லை. பின்புறத்துக்கும் கைப்பைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் ஈற்று மெய்யில் தேடுவார். அது காதில் விழாது. உண்மையில் கைப்பையைக் குறிக்கும் சொல்லில் உயிர் சற்று நீள்கிறது, ஆங்கிலேயர் செவியும் அந்த நீளத்தையே பெரிதும் நம்புகிறது. குறிலும் நெடிலும் பிரித்தறிந்து வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது கைவந்த கலை. ஆங்கிலம் கற்பதில் தமிழ் தடையாகும் இடங்களைப் பேசுகிறோம், துணையாகும் இடம் இது. இதைச் சொல்லித்தந்துவிட்டு யூகிளிஷைத் திறந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். சொல்லித்தராமல் திறந்தால் ஆயிரம் காணொளியும் ஒரே ‘பேக்’தான்.

ஆசிரியருக்கென்றே அமைந்த கருவிகளில் லெக்ஸ்டியூட்டரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மொன்றியலில் கியூபெக் பல்கலைக்கழகத்தின் டாம் காப் நடத்துவது. தோற்றம் இருபதாண்டுப் பழசு; உள்ளே போனால் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாத பழைய வீடு. ஆயினும் ஒரு பாடப்பகுதியை ஒட்டினால் அதன் சொற்களை வழக்குமிகுதி வாரியாக ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து வண்ணமிட்டுக் காட்டும் வேலையை இதைப்போல் நேர்மையாகச் செய்யும் தளம் அரிது. எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று உண்மையில் எட்டாம் வகுப்புக்குரியதா என்று ஊகிக்காமல் பார்க்கலாம். முறையின் எல்லை: அது வடிவத்தை எண்ணுகிறது, பொருளை எண்ணுவதில்லை. நம் வகுப்பில் இந்த எல்லை இன்னும் கூர்மையாகும். பஸ், டிக்கெட், ஸ்விட்ச் எல்லாம் ஆங்கிலம் படிக்காத பாட்டிக்கும் தெரியும். வழக்குமிகுதிப் பட்டியலில் அவை எங்கே நின்றாலும் தமிழ்க் குழந்தைக்கு அவை எளியவை. மாறாக ‘கரண்ட்’ தெரிந்த சொல் என்று நினைத்துப் படிக்கும் குழந்தை, ‘கரண்ட் அஃபேர்ஸ்’ என்ற தொடரில் மின்சாரத்தைத் தேடும். ‘அட்வான்ஸ்’ என்றால் வீட்டுக்காரரிடம் கொடுப்பது. தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே பெரிய பொறி. அதற்கு எந்த நிறமும் லெக்ஸ்டியூட்டரில் இல்லை.

செயலிகளில் டுவோலிங்கோ தவிர்க்க முடியாதது. லூயிஸ் வான் ஆன், செவரின் ஹாக்கர் இருவரும் தொடங்கி 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தது. தினமும் திரும்பி வரச் செய்வதில் அதற்கு இணையில்லை. விடாப்பழக்கம் மொழிக்கல்வியில் பாதி என்பதால் இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மற்றப் பாதிதான் சிக்கல். வாக்கியத்தின் சொற்கள் கட்டைகளாகச் சிதறிக் கிடக்க, எடுத்து அடுக்கினால் போதும் என்ற பயிற்சி பெரும்பங்கு வகிக்கிறது. கொடுத்த கட்டைகளில் அபவுட் இல்லையென்றால் அபவுட் பிழை நிகழவே வழியில்லை. நிகழாத பிழையைத் திருத்தவும் முடியாது. மாணவர் நூறு நாள் தொடர்வரிசை வைத்திருப்பார். தாமாக ஒரு கடிதம் எழுத உட்காரும்போது ‘பற்றி’ அங்கேயே காத்திருக்கும். அங்கி (Anki) என்னும் நினைவட்டைச் செயலி இதற்கு நேர் எதிர். அலங்காரம் இல்லை, பரிசு இல்லை, மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை எடுத்து நீட்டும் கணக்கு மட்டும் உண்டு. அட்டையில் வாக்கியத்தை எழுதுபவருக்கு அது பொன். பிறர் செய்த சொல்-பொருள் அட்டைகளை இறக்கிக்கொள்பவருக்குப் பழைய வாய்ப்பாட்டு மனப்பாடம்தான்.

கேட்டல் பயிற்சிக்கு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலம் போதும். 1943இல் தொடங்கிய வானொலிப் பாடங்களின் வழிவந்தது, எழுத்துப்படியோடு வருகிறது, உரையாடல் எழுதிவைத்துப் படிப்பதுபோல் ஒலிப்பது மட்டுமே குறை. இத்துறைக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் பரிந்துரைப்பது வழக்கம். 1,500 சொற்களுக்குள், மெதுவான நடையில், 1959 முதல் வந்த ஒலிபரப்பு. ஆனால் 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் பணிகள் முடக்கப்பட்டன. மேக்மில்லன் அகராதி இன்னும் கூரிய பாடம். 7,500 சொற்களைச் சிவப்பெழுத்தில் நட்சத்திரமிட்டுத் தரம்பிரித்த அதன் முறையை மிகச் சிறந்தது என்றே சொல்வேன். 2012இல் இனி அச்சு இல்லை, இணையம் மட்டுமே என்று அறிவித்தார்கள். 2023 ஜூனில் இணையப் பதிப்பையும் மூடினார்கள். அலமாரியில் பழைய அச்சுப்படி வைத்திருந்தவரிடம் அகராதி இருக்கிறது. முன்னேற்றத்தை நம்பி அதைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டவரிடம் இல்லை. நிலைப்பும் ஒரு தகுதி என்று கருவிகளை எடைபோடுகிறவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்திகளைப் பொறுத்தவரை கிராமர்லி ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்ற பிழைகளைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. அடிக்கோடு விழும், ஒரு தட்டில் பிழை மறையும். அந்த ஒரு தட்டில்தான் என் மறுப்பு. விளக்கம் கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்காமலே கடந்துபோகும்படி வழி அமைந்திருக்கிறது. கட்டுரை திருந்துகிறது, எழுதியவர் திருந்துவதில்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு அது போதுமான கருவி. மாணவர் கைக்கு, முதல் வரைவை எழுதி முடிக்கும் முன் தரக் கூடாத கருவி.

2022 நவம்பருக்குப் பிறகு வந்த உரையாடு செயற்கை அறிவு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? என் உரைகல்லில் மிக அதிகம் தேறியது அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘தமிழர் ஏன் டிஸ்கஸ் அபவுட் என்கிறார்கள்’ என்று தமிழில் கேட்டால் ‘பற்றி’யைக் காரணமாகக் காட்ட அதற்கு முடிகிறது. வேறெந்தக் கருவியும் இதைச் செய்யவில்லை. ஆனால் கேள்வியைக் கவனியுங்கள். விடையைப் பாதி அறிந்தவர் கேட்கும் கேள்வி அது. விடை தெரியாத மாணவர் ‘எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு’ என்று கேட்பார், பிழையற்ற கடிதம் வரும், கற்றல் அங்கேயே முடிந்துபோகும். தவறான இலக்கண விளக்கத்தையும் சரியானதைச் சொல்லும் அதே உறுதியோடு அது சொல்லும் என்பதால் பக்கத்தில் ஓர் அகராதி இன்றி இதைப் பயன்படுத்துவது முறையன்று. ஆசிரியர் கையில் இது நல்ல உதவியாளர். மாணவருக்கு ஆசிரியராக்க இன்னும் தகுதி வரவில்லை.

ஆகவே மாணவருக்கு லாங்மனும் ஸ்கெல்லும் முதலில், யூகிளிஷ் அடுத்து. ஆசிரியருக்கு இவற்றோடு கோக்காவும் லெக்ஸ்டியூட்டரும். செயலிகள் விருப்பம்போல். இவற்றில் எதுவும் தமிழ் மாணவருக்காகச் செய்யப்பட்டதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தமிழ்ப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அது இன்றும் துணை. ஆனால் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்பவருக்கான நூல் அது, எழுத முயல்பவருக்கான உதவி அதில் இல்லை. தமிழ் விக்சனரியில் சொற்கள் லட்சக்கணக்கில் உள்ளன. பெரும்பாலும் கலைச்சொல் பட்டியல்களின் வார்ப்பு, ஆட்சியைக் காட்டும் வாக்கியங்கள் அருமை. தற்காலத் தமிழ் எப்படி ஆளப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டும் அகராதியை 1992இலேயே க்ரியா தந்துவிட்டது. அதே கண்டிப்போடு தமிழருக்கான ஆங்கில அகராதி ஒன்றை யாரும் தரவில்லை. நான் பார்த்த ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் டிஸ்கஸ் என்ற சொல்லுக்கு எதிரே ‘விவாதி’ என்று இருக்கிறது. ‘பற்றி’ சேர்க்காதே என்று எதிலும் இல்லை.